திருஷ்டி கழிந்ததாம்!



தீபாவளிக்கு முன்பு புது ஸ்கூட்டருக்கு மாலை போட்ட படத்தை இங்கே பகிர்ந்திருந்தேன். அத்தனை பேர் வாழ்த்தினீர்கள். எல்லோருக்கும் நன்றி. அந்தப் படத்துக்குக் கீழேயே என் அண்ணன் மகன், "அத்தை, வண்டி ரெடின்னு சொன்ன பிறகும் பதினோரு நாள் கழிச்சுதான் எடுத்தீங்களாமே, ஒரு கீறலுக்காகவா?" என்று கேட்டிருந்தான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருத்தி, "டீச்சர் இன்னும் மாறவே இல்ல" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை நான்கைப் போட்டிருந்தாள். போனில் பேசிய இரண்டு பெரியவர்கள், நல்ல காரியத்தில் போய் மல்லுக்கு நிற்கலாமா என்று வருத்தப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். தை பிறந்ததும் வண்டி எடுக்கலாம் என்று இருப்பவர்கள் மட்டுமாவது முழுக்கப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கொடுத்து வாங்கும் பொருளை நின்று நிதானமாகப் பார்ப்பது சந்தேகப் புத்தி இல்லை. அபசகுனமும் இல்லை. வாங்குகிறவர் செய்ய வேண்டிய வேலை அது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து புலம்புவதற்கு நம் ஊரில் பெருந்தன்மை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெருந்தன்மை வேண்டாம்.

ஷோரூம் பெயரையும் வண்டிக் கம்பெனியின் பெயரையும் எழுத மாட்டேன். இன்பாக்ஸில் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். எந்தக் கம்பெனி வண்டிக்கும், எந்த ஊர் ஷோரூமிலும் இது நடக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

என் பழைய ஸ்கூட்டருக்குப் பதின்மூன்று வயது. நான் பணியில் இருந்த கடைசி வருடங்களில் தினமும் பள்ளிக்குப் போய் வந்த வண்டி அது. உங்களில் சிலர் அதன் சீட்டைக் கிழித்ததும் எனக்கு நினைவிருக்கிறது, பெயர் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆன பிறகு வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்கு நான்தான் கூட்டிப் போக வேண்டும். பழைய வண்டி பாதி வழியில் நின்றால் அவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அதனால் புதிதாக ஒன்று எடுப்பது என்று முடிவு செய்தோம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள இரு சக்கர வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்காகக் காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஷோரூமுக்குப் போனார்கள். நாங்களும் போனோம். 125 சி.சி. வண்டி, சாம்பல் நிறம். கடன் இல்லை. வைப்பு நிதியில் இருந்ததை எடுத்து முழுப் பணத்தையும் காசோலையாகக் கொடுத்தேன்.

சரஸ்வதி பூஜை, விஜயதசமி கூட்டத்தில் வேண்டாம் என்று, அது முடிந்து அக்டோபர் 6, திங்கட்கிழமை எடுப்பதாகச் சொன்னோம். ராகு காலம் முடிந்து ஒன்பது மணிக்கு என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை. என் தம்பியும் கூட வந்தான். இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவன்.

வண்டி பந்தலுக்குக் கீழே ரிப்பன் கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து நின்றது. ஒரு பையன் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். மேசையில் ஒரு கற்றைத் தாள். எங்கெங்கே கையெழுத்து என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். அதில் ஒரு தாள் டெலிவரி நோட். 'வண்டியை நல்ல நிலையில், எந்தச் சேதமும் இல்லாமல், கருவிகளுடன் பெற்றுக்கொண்டேன்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அதில் கையெழுத்துப் போட்டால்தான் சாவி தருவார்களாம். நான், "வண்டியை முதலில் வெயிலுக்குக் கொண்டுவாங்க, பார்த்துட்டுப் போடறேன்" என்றேன். அங்கிருந்த பெண்பிள்ளை, "நல்ல நேரம் போயிடும் டீச்சர்" என்றாள். போனால் போகட்டும், மத்தியானமும் ஒன்று வரும் என்றேன்.

வெயிலில் வைத்ததும் தெரிந்தது. இடது பக்க பிரேக் லீவரின் நுனி தேய்ந்திருந்தது. முன்பக்க ஏப்ரனின் இடது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல், மேலே பாலிஷ் போட்டிருந்தார்கள். இடது பக்கப் பேனலில் நான்கு விரல் நீளத்துக்குக் கீறல். அந்தப் பேனல் சேர வேண்டிய இடத்தில் சேராமல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. கீழே பெல்ட் பெட்டியின் மூடியிலும் ஒரு தேய்ப்பு. தனித்தனியாகப் பார்த்தால் நான்கும் சின்னச் சின்ன விஷயம். நான்கும் ஒரே பக்கம். தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது எங்கயோ உரசினது இல்ல. வண்டி நின்ன வாக்கில இடது பக்கமா விழுந்திருக்கு. முதல்ல லீவர் தரையில படும், அப்புறம் ஏப்ரன், அப்புறம் சைடு பேனல், அப்புறம் கீழ்மூடி" என்றான். பிறகு வண்டியைப் பத்தடி நேராகத் தள்ளிப் பார்த்தான். சக்கரம் நேராக ஓடியது, ஹேண்டில் மட்டும் ஒரு துளி வலது பக்கம் திரும்பி நின்றது.

மேலாளர் வந்தார். சின்ன வயதுதான், மரியாதையாகவே பேசினார். யார்டிலிருந்து கொண்டுவரும்போது லேசாகச் சாய்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். அடுத்து அவர் சொன்னதுதான் இந்தப் பதிவின் தலைப்பு. "புது வண்டி டீச்சர், எல்லார் கண்ணும் படும். திருஷ்டி கழிஞ்சுதுன்னு நினைச்சுக்கங்க."

எனக்கும் சாமி நம்பிக்கை உண்டு, திருஷ்டி சுற்றிப் போடுவதும் உண்டு. ஆனால் திருஷ்டி கழிக்க எலுமிச்சம்பழம் இருக்கிறது. சக்கரத்தடியில் வைத்து ஏற்றினால் ஆயிற்று. அதற்கு ஒரு லட்ச ரூபாய் வண்டியைக் கீழே போட வேண்டியதில்லை. அவர் வண்டியைக் கீழே போட்டால் அதற்குப் பெயர் சேதம், என்னிடம் கொடுக்கும்போது திருஷ்டியா?

மூன்று வழி சொன்னார்கள். மூன்றையும் நான் ஏன் மறுத்தேன் என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள், உங்களுக்கும் இதே மூன்றைத்தான் சொல்வார்கள்.

முதலாவது, அங்கேயே டச்சப் பெயின்ட் அடித்து பாலிஷ் போட்டுத் தருவது. கடையில் கையால் அடிக்கும் பெயின்ட்டும் தொழிற்சாலையில் அடித்ததும் ட்யூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும், வெயிலில் தெரியாது. அதைவிட முக்கியம், பெயின்ட் அடித்தால் பேனலுக்குப் பின்னால் ஒடிந்த பிளாஸ்டிக் பல் ஒட்டிக்கொள்ளாது. ஆறு மாதத்தில் அந்தப் பேனல் கடகடவென்று ஆட ஆரம்பிக்கும். அப்போது போய்க் கேட்டால், நீங்கள் எங்கேயோ போட்டுவிட்டீர்கள் என்பார்கள். ஹேண்டில் கோணலுக்கோ பாலிஷ் மருந்தே கிடையாது.

இரண்டாவது, "உங்க இன்சூரன்ஸ்லயே கிளைம் போட்டு பம்பர் டு பம்பர் மாத்திடலாம், உங்களுக்கு ஒரு பைசா செலவில்ல." இது கேட்க இனிப்பாக இருக்கும். கிளைம் படிவத்தில் விபத்து எங்கே, எப்போது, யார் ஓட்டினார்கள் என்று கேட்பார்கள். நான் இன்னும் சாவியே வாங்காத வண்டிக்கு, நான் ஓட்டி விழுந்ததாக என் கையெழுத்தில் பொய் எழுத வேண்டும். முதல் வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டினால் அடுத்த வருடம் சொந்த சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. அதுவும் போகும். அவர்கள் போட்ட வண்டிக்கு நான் பொய்யும் சொல்லி, தள்ளுபடியும் இழக்க வேண்டும். நல்ல கணக்கு.

மூன்றாவது, சீட் கவர், மேட், கூடவே ஒரு பெரிய சர்வீஸ் இலவசம். இதற்குத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் மயங்குவார்கள். என் வீட்டுக்காரரே ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். இலவசம் வாங்கிக்கொண்டால் சேதத்தை ஏற்றுக்கொண்டோம் என்றாகிவிடும். சீட் கவர் நானூறு ரூபாயோ ஐநூறு ரூபாயோ, நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

வேறு வண்டி கொடுங்கள் என்று கேட்டேன். நம்பர் விழுந்துவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் சிக்கிக்கொள்கிறோம்.

என்னிடம் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஜூன் மாதம் விலையில்லாப் புத்தகம் கொடுக்கும் அன்றைக்கு, யாரும் பெயர் எழுதக் கூடாது என்று சொல்வேன். முதலில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டும். பக்கம் விட்டிருந்தாலும், தலைகீழாகத் தைத்திருந்தாலும் கையைத் தூக்க வேண்டும். பெயர் எழுதாத புத்தகத்தை மாற்றித் தர என்னால் முடியும். பெயர் எழுதிவிட்டால் அது உங்கள் புத்தகம், 32-ஆம் பக்கம் இல்லாமலேயே வருடம் முழுக்கப் படிக்க வேண்டியதுதான். புத்தகத்தில் பெயர் எழுதுவதும் வண்டிக்கு நம்பர் போடுவதும் ஒன்றுதான். சேஸிஸ் எண்ணோடு உங்கள் பெயர் பதிவாகிவிட்டால் அதன் பிறகு அந்த வண்டியைத் திருப்பிக் கொடுத்து வேறு எடுப்பது லேசான காரியம் இல்லை.

பதிவு செய்யாமல் வண்டியை வாங்குபவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அது சரியான விதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதிவுக்கு முன்னால் வண்டியை வாங்குபவர் பார்க்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. நம் நாட்டில் யாரும் கேட்பதில்லை, அதனால் அவர்களும் காட்டுவதில்லை. பணம் கட்டுகிற அன்றைக்கே, 'எனக்கு எந்த வண்டியை ஒதுக்கியிருக்கிறீர்கள், சேஸிஸ் எண் சொல்லுங்கள், பார்த்த பிறகு பதிவுக்கு அனுப்புங்கள்' என்று எழுதிக் கேட்கலாம். நானும் கேட்டிருந்தேன். ஸ்டாக் யார்டில் இருக்கிறது, கம்பெனியிலிருந்து புத்தம் புதிதாக வருவது, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று பதில் வந்தது.

பார்க்க என்ன இருக்கிறது என்பதற்கு என் தம்பி சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். தொழிற்சாலையிலிருந்து வண்டிகள் கன்டெய்னர் லாரியில் நெருக்கி நிறுத்தி, பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டி வரும். இறக்கும்போது பலகைச் சரிவில் ஒவ்வொன்றாகத் தள்ளி இறக்குவார்கள். லாரிக்காரர் நீட்டும் ரசீதில் ஷோரூம் ஆள் உடனே கையெழுத்துப் போட மாட்டாராம். ஒவ்வொரு வண்டியாகச் சுற்றி வந்து, கண்ணாடி உடைந்ததா, கீறல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த ரசீதிலேயே எழுதி, அதன் பிறகுதான் கையெழுத்து. "சுத்தமா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் டிரான்ஸ்போர்ட்காரன்கிட்ட நஷ்டம் கேட்க முடியாதுக்கா. நாங்க நின்னு நின்னு கால் கடுக்கும், அவங்க பார்த்து முடிக்கிற வரைக்கும் விட மாட்டாங்க."

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லாரிக்காரரிடம் வாங்கும்போது விளக்குப் பிடித்துப் பார்க்கிற அதே ஷோரூம், நம்மிடம் கொடுக்கும்போது நல்ல நேரம் போகிறது என்கிறது. அவர்கள் பார்ப்பது வியாபாரம், நாம் பார்த்தால் மட்டும் வம்பா? மேலாளரிடம் இதைத்தான் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 41-ஆம் பிரிவு. முன்பே பார்க்காத பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை, வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதக் கூடாது. வாங்குபவர் கேட்டால் அந்த வாய்ப்பை விற்பவர் கொடுத்தாக வேண்டும். என் அம்மா பிறப்பதற்கு முன்னால் வந்த சட்டம் இது. புதிதாக யாரும் நமக்குச் சலுகை காட்டவில்லை.

அதற்கு மேலே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமே இல்லை. பிரச்சினை நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வக்கீல் கட்டாயம் இல்லை, நாமே பேசலாம். அதற்கும் முந்தைய படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நான் 1915 வரைக்குமே போகவில்லை. இதெல்லாம் தெரிந்தவர் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்தாலே பேச்சின் தோரணை மாறிவிடுகிறது. நம் பள்ளியில் நுகர்வோர் மன்றம் நடத்தியபோது டிசம்பர் 24 ஆனால் உறுதிமொழி எடுத்துவிட்டு மிட்டாய் கொடுத்து அனுப்புவோம். இதையெல்லாம் பாடமாகவே வைத்திருக்கலாம்.

நான் செய்தது இவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன், நாளும் நேரமும் பதிவாகும்படி. டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போடவில்லை. ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, தமிழிலேயே, சேஸிஸ் எண்ணைக் குறிப்பிட்டு, நான்கு சேதங்களையும் ஹேண்டில் கோணலையும் எழுதினேன். இவற்றுக்குப் புதிய பாகங்கள் போட வேண்டும், பெயின்ட் அடித்தவை கூடாது, முன் ஃபோர்க்கைச் சோதித்து அதன் முடிவை எழுத்தில் தர வேண்டும், செலவு என் காப்பீட்டில் சேரக் கூடாது, அதுவரை வண்டி ஷோரூமின் பொறுப்பிலேயே இருக்கும் என்று எழுதி, நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொண்டேன். குரலை உயர்த்தவில்லை. நாற்பது பிள்ளைகளைக் குரல் உயர்த்தாமல் உட்கார வைத்தவளுக்கு ஒரு மேலாளர் பெரிய காரியம் இல்லை. பேருந்தில் வீடு திரும்பினோம். எனக்கு மகளிர் டிக்கெட் இலவசம், அவருக்குப் பத்து ரூபாய்.

பாகங்கள் கம்பெனியிலிருந்து வர ஒன்பது நாள் ஆனது. ஃபோர்க் நேராகவே இருந்தது, அதைப் பிடிக்கும் இடத்தில்தான் திருகல், சரி செய்தார்கள். அக்டோபர் 17 அன்று திரும்பவும் வெயிலில் வைத்துப் பார்த்து, தள்ளிப் பார்த்து, ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் மகனுக்கு: பதினோரு நாள் கணக்கு இதுதான்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரியது.

நான் எழுதிக்கொண்டிருந்தபோது மேலாளர், என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, "கவலைப்படாதீங்க டீச்சர், இந்தச் செலவை நாங்க சும்மா விட மாட்டோம், இவன் சம்பளத்துல பிடிச்சுடுவோம்" என்று துணியோடு நின்ற பையனைக் காட்டினார். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். அவன் துடைப்பதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தான். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளை நிற்கிற மாதிரி நின்றான்.

நான் எத்தனை கேட்டேன்? மூன்று பேனல், ஒரு லீவர், கூலி. அவன் மாதச் சம்பளத்தில் பாதி போயிருக்கும். சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு யார்டிலிருந்து பன்னிரண்டு வண்டியை இரண்டு பேர் மட்டும் கொண்டு வந்தார்கள் என்பதை அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். விஜயதசமி ஒரே நாளில் கொடுத்து முடிக்க முடியாமல் மிச்சமிருந்த வண்டிகள் அவை. இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லையாம். அப்படி ஒருவனை நிறுத்திவிட்டு, வண்டி விழுந்தால் அது அவன் தவறா?

நம்மில் பலர் புகார் சொல்லத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும். 'பாவம், அந்தப் பையன் தலையில் விழும்' என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அந்த இரக்கம் நல்லதுதான். ஆனால் அதனால் லாபம் யாருக்கு? சேதத்தை நாம் விழுங்கினால் முதலாளிக்குச் செலவு இல்லை. பையன் தலையில் கட்டினாலும் முதலாளிக்குச் செலவு இல்லை. இரண்டு பக்கமும் செலவு இல்லாதவர் எதற்காக மூன்றாவது ஆளை வேலைக்கு வைக்கப் போகிறார்? எதற்காகப் பகலில் வண்டியைக் கொண்டுவரச் சொல்லப் போகிறார்? செலவு எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தால்தான் அடுத்த பண்டிகைக்காவது ஏற்பாடு மாறும்.

சம்பளத்தில் பிடிப்பதற்கும் வரைமுறை உண்டு. அந்தப் பொருள் அவர் பொறுப்பில் தனியாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், அவருடைய கவனக்குறைவே நேரடிக் காரணமாக இருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இது இருந்தது. சம்பளத்தைப் பிடிக்க நினைத்தவுடன் பிடித்துவிட முடியாது. நான் எழுதிய தாளின் கடைசியில் இன்னொரு வரி சேர்த்தேன்: இந்தச் செலவு எந்தத் தொழிலாளியின் சம்பளத்திலும் பிடிக்கப்படக் கூடாது, பிடிக்கப்பட்டால் எனக்குத் தீர்வு கிடைத்ததாக நான் கருத மாட்டேன். மேலாளர் இதற்குத்தான் அதிகம் முகம் சுளித்தார். அது எங்கள் உள்விவகாரம் டீச்சர் என்றார். என் காதில் விழும்படி நீங்கள்தானே சொன்னீர்கள், இப்போது அது என் விவகாரமும்தான் என்றேன். முதலாளியிடம் போன் போட்டுப் பேசிவிட்டு, அந்த வரிக்கும் சேர்த்தே முத்திரை வைத்தார்.

ஷோரூம்காரர்களின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். விஜயதசமி காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் எல்லோருக்கும் வண்டி வேண்டும் என்று நாம்தான் நிற்கிறோம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக அவர்கள் விடிய விடிய கண்ணாடி மாட்டி, பேட்டரி இணைத்து, நம்பர் பிளேட் போட்டு, துடைத்து வைக்கிறார்கள். அந்த அவசரத்தில் விழாத வண்டி விழுந்த வண்டி எல்லாம் கலந்துதான் நிற்கும். சாமிக்கு முன்னால் சாவியை வைத்துக் கும்பிட வேண்டும் என்றால் நல்ல நாளில் முன்பணம் கட்டி ரசீதை வைத்துக் கும்பிடுங்கள். வண்டியைக் கூட்டம் இல்லாத ஒரு நாளில் எடுங்கள். எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

நிறையப் பேர் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பகலில் பாருங்கள், பந்தலுக்கு வெளியே பாருங்கள். ஒரு பக்கமாக வரிசையாகத் தேய்ப்பு இருக்கிறதா என்று லீவர் நுனியிலிருந்து கீழ்மூடி வரை கண்ணை ஓட்டுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 3225 என்றால் 2025-ஆம் வருடத்தின் 32-ஆவது வாரத்தில் செய்தது. படிவம் 21 என்ற விற்பனைச் சான்றில் வண்டி தயாரான மாதமும் வருடமும் இருக்கும், அதையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும், சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கத் தடுப்பும் விதிப்படி இருந்தாக வேண்டும். அதைத் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு மாட்டும் இடங்கள் உண்டு, கேளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டும் வண்டியோடு கம்பெனி கொடுக்க வேண்டியதுதான். காப்பீட்டையும் ஷோரூமிலேயேதான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. வெளியே விலை கேட்டுப் பாருங்கள்.

நவம்பரில் முதல் சர்வீஸுக்குப் போனேன். அந்தப் பையன் வாட்டர் சர்வீஸில் நின்றான். என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு வந்தான். பிடித்தார்களா என்று கேட்டேன். "இந்த வாட்டி பிடிக்கலைங்க டீச்சர்" என்றான். அப்படியானால் போன வாட்டி? ரம்ஜான் சமயத்தில் ஒரு கண்ணாடி உடைந்ததற்கும், ஆடியில் ஒரு பேனலுக்கும் பிடித்தார்களாம். அப்போது யாரும் அவனுக்காக எழுதவில்லை. அந்த வண்டிகளை வாங்கியவர்களுக்கு விஷயமே தெரிந்திருக்காது, பெயின்ட் அடித்துக் கொடுத்திருப்பார்கள்.

அதனால், ஒரு கீறலுக்காகவா என்று கேட்டவர்களே, ஆமாம், அந்தக் கீறலுக்காகத்தான்.

என் நாத்தனார் மகள் தை மாதம் ஸ்கூட்டர் எடுக்கிறாள். பணம் கட்டும் முன்பே சேஸிஸ் எண் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள், நேற்றுதான் தாளின் படத்தை எனக்கு அனுப்பினாள். யார்டுக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறாள். தம்பியும் வருகிறான். வேறு யாருக்காவது துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் வருவேன். வெள்ளிக்கிழமை பிசியோதெரபி.

அன்புடன்,
உங்கள் டீச்சர்